அறுபது சிப்பாய்களுக்கு நான் அடித்த லேக்கர்

ஜெபா, இது யார் கையெழுத்து என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். என்னுடையதுதான். போதகர் எழுதித் தரவில்லை, மரியாள் டீச்சர் எழுதித் தரவில்லை. பேங்கில் கட்டைவிரலை மையில் அமுக்கிக்கொண்டிருந்தானே உன் அப்பன், அந்தக் கைதான் இதை எழுதுகிறது. உன் நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் ஆரம்பித்தேன். இது மூன்றாவது நோட்டு. முதல் இரண்டில் எழுதியதெல்லாம் வெறும் சுற்றிவளைப்பு என்று பிறகுதான் தெரிந்தது, கிழித்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வந்தால் பெரிது. ஆனாலும் சொல்கிறேன், அறுபத்தெட்டு வயதில் இவ்வளவு சந்தோஷம் ஒரு மனுஷனுக்குக் கிடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 'ழ' என்ற எழுத்தைப் போட்டு முடித்துவிட்டுப் பேனாவை எடுக்கும்போது, நானே எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்போல இருக்கிறது.

பேச்சு மாதிரி எழுதாமல் புத்தகம் மாதிரி எழுதுகிறேனே என்று நினைக்காதே. வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் வேத வாசிப்பைக் கேட்டவன் நான். எழுத்து என்றால் என் காதில் அப்படித்தான் ஒலிக்கிறது. உனக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மாடுங்காவில் இங்கிலீஷ் ஸ்கூலில் கொண்டுபோய் உன்னைப் போட்டவன் நான்தான், அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இதை நீ கட்டிக்கொள்ளப்போகிற ஷீபாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அது தூத்துக்குடியில் தமிழில் படித்த பிள்ளை, மடமடவென்று வாசித்துவிடும். இது மடமடவென்று வாசிக்கவேண்டிய காரியம் இல்லை. நீயே உட்கார்ந்து, நான் எழுதிய வேகத்தில் வாசி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் அம்மா போன பிறகுதான் எழுத்து படிக்க வேண்டும் என்று வெறி வந்தது. அடுப்புக்கு மேலே வரிசையாக டப்பாக்கள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றிலும் அவள் தாள் ஒட்டி எழுதி வைத்திருந்தாள். முப்பத்தைந்து வருஷம் அந்த எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். ஜெபக்கூடத்தில் மதிய நேரம் முதியவர்களுக்கு வகுப்பு எடுக்கும் மரியாள் டீச்சரிடம் போய் நான்கு மாதம் ஆன பிறகு, ஒரு நாள் வீட்டுக்கு வந்து அந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். சீரகம் என்று எழுதியிருந்ததில் மிளகாய்ப்பொடி இருந்தது. கடுகு என்றதில் தையல் நூல். உளுந்து என்றதில் நீ ஆறாவது படிக்கும்போது வாங்கிய மெடல். டப்பா மாறியிருக்கிறது, அவள் தாளை மாற்றவே இல்லை. சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பை யாரிடம் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை. அப்புறம் அந்த மிளகாய்ப்பொடி டப்பாவை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

சுற்றி வளைக்கிறேன் பார். விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து, பெண் வீட்டார் ரயில் ஏறிய மறுநாள், நம் தாராவி வீட்டில் உட்கார்ந்து கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் பெயரைப் போனில் அடித்துக்கொண்டிருந்தாய். உன் சித்தப்பா சேவியர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தான். "ஏல, அந்த அணுசக்தி நகர்ப் பையன், ஒல்லியா கண்ணாடி போட்டு வருவானே, ரகு, அவனை விட்டுட்டியே" என்றான். நீ போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் பேரு வேண்டாம் சித்தப்பா" என்றாய். "ஏன்ல, ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னவனுவதானே?" என்றான் அவன். "தின்னோம். அப்புறம் அவன் என்ன பண்ணினான்னு அப்பாவுக்குத் தெரியும், கேளுங்க" என்றாய். சேவியர் என்னைப் பார்த்தான். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். ஆறு வருஷமாக நான் இப்படித்தான் தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவன் ஒன்றும் பண்ணவில்லை, ஜெபா. பண்ணியது நான்.

நீ அந்தப் பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள் எனக்கு நினைவிருக்கிறது. நீ காலேஜ் முடிக்கும் வருஷம். சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் கை தனியாக, கால் தனியாக, தலை தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் கத்தரித்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, பசை வைத்து ஒட்டினாய். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சிப்பாய் எழுந்து நின்றான். மேஜைமேல் இரண்டு பட்டாளங்களை நிறுத்தி, அடிக்கோலால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி ஆடுகிற ஆட்டம் என்றாய். ஆட்டத்தைவிட அவற்றுக்கு வர்ணம் தீட்டுவதுதான் பெரிது என்றும் சொன்னாய். எனக்கு எரிச்சல். "கலியாணம் பண்ணுத வயசுல பொம்மைக்குச் சட்டை மாட்டுதான் பாரு" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "குடிக்கானா? சீட்டு வெளையாடுதானா? பெயிண்டுதானே அடிக்கான். நீங்க முப்பது வருசமா என்ன பண்ணுதீங்க? அதையேதான்" என்றாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவில்லை என்றால் திட்டவில்லை என்று மட்டும் அர்த்தம். ஒரு நாளும் நல்ல வார்த்தையும் சொல்லவில்லை.

ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது. மேல் அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதி வரை ஏறி நின்று, தலை மட்டும் உள்ளே நீட்டிப் பார்ப்பேன். நீயும் ரகுவும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பீர்கள். டிபன் டப்பா மூடியில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து, அதன்மேல் எண்ணெய்த்தாள் விரித்து, அதில் வர்ணம் காயாமல் வைத்திருப்பீர்கள். உடம்பு அவன் பாகம், முகம் உன் பாகம். அவன் கருப்பு மையைத் தண்ணீராகக் கரைத்து விட்டால், அது சட்டை மடிப்புக்குள் தானாக ஓடி நின்றுவிடும், துணி நிஜத் துணிபோல ஆகிவிடும். நீ இரண்டு மூன்று முடி மட்டும் உள்ள பிரஷ்ஷால், மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணுக்குள் ஒரு புள்ளி வைப்பாய். அந்தப் புள்ளி விழுந்ததும் பொம்மை என்னைப் பார்க்கும். டிராம்பே கழியோரம் போய்ச் சேறு எடுத்து வந்து, வெயிலில் காய வைத்து, சலித்து, சிப்பாய்களின் காலடியில் ஒட்டினீர்கள். அலையாத்திக் காட்டிலிருந்து எழுந்து வருகிற பட்டாளம் என்று ரகு உன் அம்மாவுக்கு விளக்கினான். "அப்ப கொசு கடிக்குமே, பாவம்" என்றாள் அவள். நீங்கள் இரண்டு பேரும் அன்று சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

இரண்டு வருஷத்தில் அறுபது சிப்பாய்கள். மாடுங்காவில் ஒரு ஹாலில் போட்டி வைத்திருந்தார்கள். எந்தப் பட்டாளத்துக்கு வர்ணம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்களாம். பரிசைவிட முக்கியம், பூனாவிலிருந்து ஒருவர் வருகிறார், வெளிநாட்டுக்காரர்களின் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார், பிடித்திருந்தால் இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று நீ அம்மாவிடம் சொன்னதை நான் கீழே பாயில் படுத்தபடி கேட்டேன். தூங்குகிறவன் மாதிரிக் கிடந்தேன். பட்டறை வேலை என்றதும் உள்ளுக்குள் ஒரு பெருமை. எனக்கும் ஒரு பட்டறை, என் மகனுக்கும் ஒரு பட்டறை.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மத்தியானம் ரகு கொண்டுவந்த ஸ்ப்ரே டப்பாவால் கடைசிப் பூச்சு அடித்துக் காய வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் ஹாலில் மேஜை எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டீர்கள். அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் ஐந்து மணிக்குப் பட்டறையிலிருந்து வந்தேன். ஏணி ஏறினேன். பலகையில் அறுபது பேரும் வரிசையாக நின்றார்கள். முந்தின நாள் வரை ஈரமாக மின்னிக்கொண்டிருந்த வர்ணமெல்லாம் செத்துப்போயிருந்தது. விபூதி பூசியதுபோல மங்கல். பளபளப்பு துளிகூட இல்லை.

என் பட்டறைப் புத்தி உனக்குத் தெரியும். தோலுக்குச் சாயம் ஏற்றி, காய வைத்து, தேய்த்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக லேக்கர் அடிப்போம். அந்தப் பூச்சு விழுகிற வரை அது செத்த மாட்டின் தோல். விழுந்த பிறகுதான் பர்ஸ், பெல்ட். மீரான் முதலாளி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்: "மினுக்கு இல்லைன்னா அந்த மாடு செத்ததே வீண் ஓய்." முப்பது வருஷம் அதைக் கேட்டவன் நான். லேக்கர் அடிப்பதில் தாராவியில் என் கைக்கு மிஞ்சிய கை இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பையன்களுக்கு இந்தக் கடைசி வேலை தெரியவில்லை, டப்பா ஸ்ப்ரேயை நம்பி ஏமாந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பளபளப்பு தெரியக்கூடாது என்பதற்காகவே அந்த மங்கல் பூச்சு என்பதும், சின்னப் பொம்மையில் வெளிச்சம் பட்டு மின்னினால் நீ தீட்டிய முகம் தெரியாமல் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு போன் போட்டிருக்கலாம். கேட்கவில்லை. வந்து பார்த்து அசந்துபோக வேண்டும், யார் அடித்தது என்று கேட்க வேண்டும், நான் ஒன்றும் தெரியாதவன்போலச் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னை ஒரு வார்த்தை பாராட்ட எனக்கு வரவில்லை. லேக்கர் அடிக்க மட்டும்தான் வந்தது.

பட்டறைக்குத் திரும்பிப் போய், சின்ன ஸ்ப்ரே கன்னையும் கைப்பம்பையும் பையில் போட்டு, லேக்கரில் தின்னரைக் கலந்து எடுத்து வந்தேன். பெண்கள் பர்ஸுக்கு அடிப்பதுபோல மெல்லிசாக, தூரத்திலிருந்து, இரண்டு பூச்சு. ஜெபா, முதல் பத்து நிமிஷம் அவர்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா. அப்போதுதான் வலையிலிருந்து கொட்டிய மீன்போல மின்னினார்கள். நான் ஏணியில் நின்று அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி டீ போட்டுக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஏறிப் பார்த்தேன். கத்திகள் வளைந்து தொங்கின. முகங்கள் தோல் சுருங்கிக் கிழவர்கள் ஆகியிருந்தன. சில முகங்கள் முகமாகவே இல்லை. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. தோலைத் தவிர வேறு எதன்மேலும் நான் அதுவரை லேக்கர் அடித்ததில்லை. ஒரு சிப்பாயை எடுத்துத் துடைக்கலாம் என்று விரலை வைத்தேன். நீ வைத்த கண் என் விரலோடு வந்துவிட்டது.

எழுத்து தெரியாததால்தான் இப்படி ஆனது என்று முதல் நோட்டில் எழுதியிருந்தேன். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியவில்லை, அதனால்தான் என்று. அது பொய், அதனால்தான் கிழித்தேன். படிக்கத் தெரிந்திருந்தாலும் அன்று நான் படித்திருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த வேலை என்ற திமிர். பிழைக்கு அதுதான் காரணம். அதற்குப் பிறகு செய்தது பிழை இல்லை, பாவம். அதை இப்போது எழுதுகிறேன்.

கன்னையும் பம்பையும் பையில் திணித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். கழுவித் துடைத்து, இருந்த ஆணியில் மாட்டினேன். நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு போவதற்காகச் சாலையில் இரண்டு சுற்று நடந்தேன். நான் வரும்போது நீ ஏணியின் உச்சியில் உட்கார்ந்திருந்தாய், ரகு கீழே நின்றிருந்தான். வீட்டில் லேக்கர் நாற்றம் அடித்தது, ஆனால் நம் வீட்டில் என்றைக்கு அது அடிக்கவில்லை? என் சட்டையே அதுதான். "அப்பா, யாராவது மேல ஏறினாங்களா?" என்று கேட்டாய். "நான் இப்பம்தானல வாரேன். யாரு வருவா?" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒரு சின்ன வாசல் திறந்திருக்கும். நிறுத்தவில்லை. அந்தக் காலி டப்பாவைக் கையில் எடுத்து, தெரிந்தவன்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இது எங்க வாங்குனது? சரக்கு டூப்ளிகேட்டுபோல இருக்கே" என்று சொன்னேன். வழக்கமான கடையில் தீர்ந்துவிட்டதால் ரகு வேறு ஒரு ஆளிடம் வாங்கினான் என்று அம்மாவிடம் நீ பேசியதைக் கேட்டிருந்தேன். தெரிந்துதான் சொன்னேன்.

நீ ஏணியிலிருந்து குதித்து இறங்கினாய். "சீப்பா கெடைச்சுதுன்னு வாங்கிட்டியாடா? ரெண்டு வருசம்டா. உனக்கென்ன, உங்க அப்பா குவார்ட்டர்ஸ்ல உனக்கு ரூம் இருக்கு, இல்லாட்டி இன்னொரு வேலை இருக்கு. எனக்கு இது ஒண்ணுதானேடா இருந்துச்சு" என்றாய். ரகு, "மத்தியானம் காஞ்சப்போ நன்னாதானேடா இருந்தது, நீயும்தானே பாத்தே" என்றான். "அப்ப எப்படிடா உருகிச்சு? சிப்பாயெல்லாம் தானா அழுதானுவளா?" என்றாய். அவன் என் பக்கம் திரும்பினான். நான் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. மறுநாள் நீ அறுபது பேரையும் ஒரு சாக்கில் அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாய். பூனாக்காரர் வந்தாரோ, வேறு யாரை எடுத்துக்கொண்டாரோ, தெரியாது. இரண்டு மாதத்தில் முலுண்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்தாய். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற வேலை என்று ஒரு தடவை சொன்னாய். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் வீட்டில் உட்கார்ந்து உன் சம்பளத்தில் மீன் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

சொல்லவேண்டும் என்று முதல் வாரம் தினமும் நினைத்தேன். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒன்று சொல்கிறேன், அப்பன் என்பதற்காக இல்லை, பட்டவன் என்பதற்காகக் கேள். பிழை செய்தால் அன்று சாப்பிடுவதற்குள் சொல்லிவிடு. ஒரு சாப்பாடு தாண்டிவிட்டால், இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்கிற இரண்டாவது குற்றம் முளைத்துவிடுகிறது. ஒரு வாரம் தாண்டினால் முதல் குற்றத்தைவிட இரண்டாவது பெரிதாகிவிடுகிறது. பிறகு மனுஷன் இரண்டாவதுக்குப் பயந்துதான் முதலாவதை மறைக்கிறான். ஷீபா ஒரு காரியத்தைச் செய்து வைத்தால், அது உன் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும், ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று முதலில் கேள். உனக்குத் தெரிந்த வேலையை அதன்மேல் செய்துவிடாதே. நான் உன் அம்மாவிடமும் அப்படிக் கேட்டவன் இல்லை. அவள் டப்பாத் தாள்களை ஏன் மாற்றவில்லை என்று இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது.

இதை யாரையாவது வைத்து எழுதச் சொல்லியிருக்கலாம். போதகரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொருவன் கையால் எழுதிய பாவ அறிக்கை அவன் கையெழுத்தில்தானே இருக்கும். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். "சாப்டீங்களாப்பா" என்றாய். "சாப்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால் டீச்சரிடம் போனேன். எதற்குப் படிக்கிறீர்கள் தாத்தா என்று அவர்கள் முதல் நாள் கேட்டபோது, பைபிள் வாசிக்க என்று சொன்னேன். அங்கேயும் ஒரு பொய்.

போன மாதம் உன் அம்மாவின் சின்ன நோட்டைப் புரட்டினேன். முன்பு அது எனக்கு வெறும் எறும்பு வரிசை. இப்போது வாசித்தேன். காஸ்காரன், சேவியர் வீடு, டாக்டர். அதற்குக் கீழே, 'ரகு, செம்பூர்' என்று ஒரு போன் நம்பர். அன்று சாயங்காலமே அவனுக்குப் போன் போட்டேன். யார் என்று சொன்னதும், "வாங்கோ அங்கிள்" என்று இடம் சொன்னான். பஸ் பிடித்துப் போனேன்.

பல் செட்டு செய்யும் ஒரு லேபில் வேலை செய்கிறான். சின்ன அறை, மேஜை விளக்கு, கண்ணில் பூதக்கண்ணாடி. ஒரு ஆளின் புதுப் பல்லுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அதே மாதிரிப் பிரஷ். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "இங்கேயும் ரொம்ப பளபளப்பு கூடாது அங்கிள். பக்கத்துப் பல்லு எப்படிப் பழசாயிருக்கோ அப்படியே இருக்கணும். புதுசா தெரிஞ்சா கஸ்டமர் திருப்பிக் கொண்டுவந்துடுவா" என்றான். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். லேக்கர், கன், பம்பு, டப்பாவை முகர்ந்தது, எல்லாம். அவன் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசித் துடைத்து வைத்தான். "எனக்குத் தெரியும் அங்கிள்" என்றான்.

அதே ஆளிடம் அன்று அவன் இரண்டு டப்பா வாங்கியிருந்தானாம். இன்னொன்று வீட்டில் இருந்தது. அன்றே போய் ஒரு பழைய பொம்மைமேல் அடித்துப் பார்த்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. "உங்காத்துல ஸ்ப்ரே அடிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தானே அங்கிள்" என்றான். ஏன் ஜெபாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீங்க ஒரு வாரத்துல சொல்லிடுவேள்னு நெனச்சேன். அப்புறம் ஒரு மாசத்துல சொல்லிடுவேள்னு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். என்கூடப் பேசாம அவனால இருக்க முடியும். உங்ககூடப் பேசாம எப்படி இருப்பான்? ஒரே வீடு. உங்க தலைமாட்டுலதானே படுக்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆனா கோபம் வந்துது அங்கிள். இப்பவும் இருக்கு. இல்லைன்னு சொல்லிட்டா நீங்க நிம்மதியாப் போயிடுவேள்" என்றான். சொல்லட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு. அவனும் அதற்குப் பிறகு ஒரு சிப்பாயைக்கூட முழுதாகத் தீட்டி முடிக்கவில்லையாம். உடம்பு வரை தீட்டுவானாம், முகம் வரும்போது நிறுத்திவிடுவானாம். அது அவன் பாகம் இல்லையே.

உன் அம்மா வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவனுக்குப் போன் போட்டிருக்கிறாள். எதுவும் கேட்டதில்லை, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அவ்வளவுதான் என்றான். அவளுக்குத் தெரியுமா, தெரிந்துதான் என் தட்டில் சோறு போட்டாளா, எனக்குத் தெரியவில்லை. அதை இனிமேல் யாரிடமும் கேட்க முடியாது. இந்த வயதில் எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான்.

கிளம்பும்போது, "கல்யாணத்துக்கு வருவியாய்யா?" என்று கேட்டேன். "நீங்க கூப்பிட்டு நான் வந்தா அது உங்க விசேஷம் அங்கிள். அவன் கூப்பிடணும்" என்றான். பஸ் ஸ்டாப் வரை வந்தான். "இதைச் சொன்னதுக்கப்புறம் அவன் உங்களையே கல்யாணத்துக்குக் கூப்பிடுவானோ என்னமோ, பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அது வேடிக்கை இல்லை என்று புரிந்தது.

போன ஞாயிறு உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று போதகர் சொல்லி நிறுத்தினார். நீ முன் பெஞ்சில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாய். விவாகத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்து நின்றுவிடுவேனோ என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. மூன்றாவது ஓலைக்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று, நாளைக்கு நானே ரயில் ஏறி, முலுண்டில் நீ இப்போது தங்கியிருக்கும் அறைக்கு வந்து, நீ ஆபீஸ் போன பிறகு கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. எழுத்து கற்றுக்கொண்டும் அந்த ஒன்று எனக்கு வரவில்லை.

கல்யாணத்தன்று ஆலயத்தில் உன் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான். அது வேண்டாம் என்று தோன்றினால் சேவியரிடம் சொல்லிவிடு, அவன் நிற்பான், ஊருக்கு நீங்கள் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை அந்தப் பொய்யையும் நான் சொல்ல மாட்டேன், யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்வேன். மன்னித்துவிடு என்று எழுத இடம் விட்டிருந்தேன். எழுதிப் பார்த்தேன். உன்னை அவசரப்படுத்துவதுபோல இருந்தது, அடித்துவிட்டேன்.

ரகுவின் நம்பரைக் கடைசித் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அம்மாவின் நோட்டை வைத்து நான்கு தடவை சரிபார்த்தேன், பிழை இல்லை. அது அவன் லேப் நம்பர், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவன் அங்கே இருக்க மாட்டான், அதற்கு முன்னால் போடு. என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் வரட்டும், அதற்கு நாள் இருக்கிறது. முதலில் அவனிடம் பேசு.

அப்பா